நாற்காலிக்குப் பதினோரு அடி

டார்கஸ் நீட்டிய கையுறையை வாங்கப்போன அகஸ்டா லாங்மீடின் கை, அரையடி தள்ளி வெறுங்காற்றைப் பிடித்தது. அந்த ஒரு கணத்தில் டார்கஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருபத்தாறு வருடங்களாக அந்த அம்மாளுக்கு மேடை உடை உடுத்திவிடுகிறவள் அவள்.

"எத்தனை நாளா மேடம்?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. நடுவுல இருட்டு, ஓரத்துல மட்டும் கொஞ்சம் வெளிச்சம். உன் மூஞ்சி தெரியல, காது தெரியுது. நல்ல காதுதான் போ." அகஸ்டா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஜாஸ்பருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே என்னை வீட்டுல உக்கார வெச்சிடுவான்."

ஜாஸ்பர் அவளுடைய தம்பி. இந்த நாடகத்தில் அவள் கணவனாக நடிப்பவன். லாங்மீடுகள் நான்கு தலைமுறையாக நடிகர்கள்; அகஸ்டா பிறந்த மூன்றாம் வாரமே ஒரு நாடகத்துக்குக் கைக்குழந்தை தேவைப்பட்டு மேடை ஏறியவள். அறுபத்தெட்டு வயதாகியும் பத்திரிகைகள் அவளைப் பற்றி எழுதுவது மாறவில்லை. தாத்தாவின் நடை, அம்மாவின் குரல். அவளுடையது எது என்று எவரும் எழுதியதில்லை.

மறுநாளிலிருந்து இருவரும் காலை எட்டு மணிக்கே யார்க் நகரத்து அரங்குக்கு வந்தார்கள். அகஸ்டா காலுறைகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, காலடிகளை எண்ணி, மேடையை அளந்தாள். கதவிலிருந்து ஜன்னலுக்கு ஏழு அடி. ஜன்னலிலிருந்து நாற்காலிக்குப் பதினோரு அடி. டார்கஸ் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு தானும் நடந்து பார்த்தாள். நான்காவது அடியிலேயே மேஜை இடித்து முழங்கால் கன்றிப்போயிற்று. மாலையில் அதே மேஜையைச் சுற்றி அகஸ்டா பூனைபோல் வளைந்து நடந்து தேநீர் ஊற்றியபோது, பக்கத்திரையின் மறைவில் நின்ற டார்கஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாடகம் தொடங்கி நான்காம் வாரம், புதன்கிழமைப் பிற்பகல் காட்சி. வெளியே மழை. பாதி அரங்கில் கிழவிகள் மிட்டாய்த் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் காட்சியில் வேலைக்காரியாக நடித்த பெண்ணின் பாவாடை நாற்காலிக் காலில் மாட்டி, நாற்காலி இரண்டு முழம் நகர்ந்துவிட்டது. டார்கஸ் பார்த்தாள். கத்த முடியாது. மகன் இறந்த செய்தியைக் கேட்ட தாயாக அகஸ்டா ஜன்னலைவிட்டு நகர்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து, பதினொன்று. திரும்பினாள், உட்கார்ந்தாள். அங்கே நாற்காலி இல்லை.

விழுந்த சத்தத்தில் முன்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

ஜாஸ்பரின் பார்வை நாற்காலிக்குப் போயிற்று, அக்காவுக்கு வந்தது, அவள் கண்களில் நின்றது. அவன் முகம் வெளுத்தது. அகஸ்டா எழவில்லை. உள்ளங்கையால் பலகையைத் தடவிப் பார்த்தாள். பாவாடையைச் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு, தரையில் இருந்தபடியே பேச ஆரம்பித்தாள். கடைசி வரிசைவரை எட்டும் அந்தக் குடும்பக் குரல் அல்ல அது. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற, கொஞ்சம் கரகரத்த குரல். மிட்டாய்த் தாள்களின் சத்தம் நின்றது. இருபது தடவைக்குமேல் கேட்ட வசனம். ஆனால் அந்தப் பையன் செத்துப்போனான் என்பது டார்கஸுக்கு இன்றுதான் தெரிந்தது.

கணப்பருகே நின்று பதில் சொல்லவேண்டிய ஜாஸ்பர், மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு, முட்டிகள் சொடுக்க, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் கைமேல் தன் கையை வைத்துவிட்டுத்தான் வசனத்தைச் சொன்னான்.

திரை விழுந்ததும் இயக்குநர் ஓடிவந்தார். "அற்புதம்! இனிமே தினமும் தரையிலதான்!"

"தினமுமா? என் முட்டிய யாரு கேக்கறது?" என்றான் ஜாஸ்பர். இயக்குநர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவன் சிரிக்கவில்லை. "ஏன்க்கா எங்கிட்ட மறைச்ச?"

"அவர்கிட்ட சொல்லிடுவியாடா?"

திரைக்கு அப்பால் கைதட்டல் மழையை அமுக்கிக்கொண்டு எழுந்தது. ஒருவர் தோளை ஒருவர் பற்றி எழுந்து, திரையின் பிளவில் கீறலாய்த் தெரிந்த வெளிச்சத்தை நோக்கி இருவரும் நடந்தார்கள். பின்னாலிருந்து பார்த்த டார்கஸுக்கு, யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று தெரியவில்லை.