டிரேவிக் வீட்டு வழியில் ஒரு கம்பம்

சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டை லாரியில் இழுத்துக்கொண்டு வளைவில் திரும்பியதுமே தெரிந்துவிட்டது, உள்ளே போகாது என்று. மண்பாதை தார்ச்சாலையில் சேரும் இடத்தில் புத்தம்புது இரும்புக் கம்பம். அதன் தலையில் மாநில அரசின் பலகை. ஓபரா பாடகி ஆர்லீத்தா டிரேவிக் பிறந்த வீடு இதுவென்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. ஜார்ஜியாவில் இப்படிப் பலகைகள் நிறைய உண்டு. ஒன்றும் என் லாரியை மறித்ததில்லை.

ஆர்லீத்தாவின் தம்பி ஓசெல் பாதையில் நின்றிருந்தார். சர்ச்சில் டீக்கன், சபைக்கு மூப்பர் மாதிரி. ஆயுள் முழுக்கக் கான்கிரீட் வேலை பார்த்தவர். விரல்கள் சரியாக மடங்காது. பக்கத்தில் அவர் மனைவி வெர்லீன். பின்னால் அந்தப் பழைய மரவீடு. கூரை ஒழுகி, படுக்கையறைத் தரை இற்றுப்போய், மழை பிடித்தால் வெர்லீனுக்கு மூச்சு இழுக்கும். அதற்காகத்தான் நான் கொண்டுவந்த வீடு.

"டீக்கன், நான் அளந்துட்டுப் போனப்ப இது இல்லையே?"

"போன வாரந்தான் நட்டுது."

"யாரு நட்டா?"

"நான்தான்."

வெர்லீன் சிரித்தார். கேட்க நன்றாக இல்லை.

"சர்ச்சுல பாஸ்டர் கேட்டாராம், பாதை ஓரமா வெச்சா எல்லாருக்கும் தெரியுமேன்னு. சபையே ஆமென்னுச்சு. இந்த மனுஷனும் ஆமென். வீடு எந்த வழியா வரணும்னு அங்க இவருக்கு மட்டுந்தான் தெரியும். வாயத் தெறந்தாரு, அதுவும் ஆமென் சொல்ல."

எங்கள் பக்கத்தில் சபை ஆமென் சொன்னதற்கு மறுத்து எழுந்து நிற்கிறவன் கிடையாது. நின்றால் சாகும்வரை அதே பேச்சுதான். சொந்த அக்காவின் பெயருக்கே குறுக்கே நின்றான் என்பார்கள்.

பாதையின் மறுபுறம் சேற்றுப் பள்ளம். வேறு வழியில்லை. திருப்பிக் கொண்டுபோனால் அடுத்து காத்திருக்கிறவனுக்குக் கம்பெனி கொடுத்துவிடும்.

"புடுங்கிட்டு, வீட்டை உள்ள தள்ளிட்டு, மறுபடி நட்டுக்கங்க," என்றேன்.

ஓசெல் டிராக்டரைக் கொண்டுவந்து கம்பத்தில் சங்கிலி சுற்றினார். அப்போது ஒரு பழைய கார் வந்து நின்றது. சர்ச்சில் முன்வரிசையில் உட்காரும் சிஸ்டர் ஹாட்டி.

"டீக்கன் டிரேவிக்! என்ன பண்றீங்க?"

"கம்பம்... கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கு, சிஸ்டர். நிமித்தலாம்னு."

"நல்லதாப் போச்சு! ஞாயித்துக்கிழமை பேப்பர்காரங்க வர்றாங்க. இழுங்க, நான் பாத்துச் சொல்றேன்."

டிக்கியிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்து நிழலில் போட்டு உட்கார்ந்தார். ஓசெல் லேசாக இழுத்தார். அசையவில்லை. கான்கிரீட் கலவையில் கஞ்சத்தனம் பண்ணிப் பழகாத ஆள்.

"எவ்ளோ பலமாப் போட்டிருக்கீங்க! ஆர்லீத்தா பாத்தா பூரிச்சுப்போவா."

ஓசெல் என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன்.

"சொல்லுய்யா," என்றார் வெர்லீன். "வீடு உள்ள வரணும், கம்பத்தை எடுக்கணும்னு சிஸ்டர்கிட்ட சொல்லு."

ஓசெல் சங்கிலியை ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"வேற ஒரு நாள் கொண்டாந்தா ஆகாதா?"

"வேற நாளைக்கு இது இருக்காது, டீக்கன்."

வெர்லீன் மரவீட்டுக்குள் போனார். கைப்பையும் மூச்சு மருந்தும் எடுத்துக்கொண்டு வந்து, லாரியில் என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

"மேக்கன்ல என் தங்கச்சி வீட்டுல எறக்கி விடு தம்பி."

"அம்மா, ஆள் ஏத்தக் கூடாதுன்னு கம்பெனி சொல்லும்."

"சொல்லட்டும். நீ ஆமென்னு சொல்லிக்க."

வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பினேன். சிஸ்டர் ஹாட்டி கழுத்தை நீட்டி எட்டிப்பார்த்தார்.

"வெர்லீன் எங்க போறா?"

"தங்கச்சியப் பாக்க," என்றார் ஓசெல்.

"போயிட்டு வரட்டும். நீங்க இந்தப் பக்கமா இழுங்க. இன்னும் கொஞ்சம்."

ஓசெல் டிராக்டரில் ஏறி, நேராக நின்றிருந்த கம்பத்தை அந்தப் பக்கமாக இழுத்தார்.