அவசரமில்லாத குளியலறை

பெருங்களத்தூர் கேசவனுக்கு ஒரு வியாபார வழக்கம் உண்டு. எது வேண்டுமோ அதைக் கேட்க மாட்டார்; அதற்குப் பக்கத்தில் இருப்பதைக் கேட்பார். பொன்னி மூட்டை வேண்டுமென்றால் நொய்யின் விலையை விசாரிப்பார், கொட்டாவி விடுவார், கிளம்புகிற மாதிரி செருப்பைத் தேடுவார். கடைசியில், "அது இன்னா, மூலையில கெடக்குது?" என்று பொன்னியைக் கண்ணால் காட்டுவார். தேவை முகத்தில் தெரிந்தால் எதிராளி விலையை ஏற்றிவிடுவான் என்பது அவர் கட்சி. தாம்பரம் மார்க்கெட்டில் மண்டி வைத்த நாளிலிருந்து இந்த முறையில் அவர் ஏமாந்ததில்லை.

இப்போது அதுதான் அவரை மொபெட்டில் தெருத்தெருவாக அலையவிட்டது.

மனைவி கிளியம்மாள் கொல்லைப்புறத்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்ற டாக்டர், கூடவே மிரட்டியும் வைத்தார்: குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் படுத்த படுக்கைதான். கேசவன் வீட்டிலோ குளியலறை, கக்கூஸ் எல்லாமே கிணற்றுக்கு அப்பால், படியிறங்கிப் போக வேண்டும். படுக்கையறையை ஒட்டிய நெல் அறையைக் குளியலறையாக்கலாம் என்று அவருக்கே தோன்றியது. ஆனால் எதை எங்கே வைப்பது, தண்ணீர் எந்தப் பக்கம் வெளியே போவது, கிளியம்மாள் எதைப் பிடித்து எழுவது? இதெல்லாம் தெரிந்து திட்டம் போட ஓர் ஆள் வேண்டும்.

முதலில் இன்ஜினியர் தனசிங்கிடம் போனார். "மாடி எடுக்கலாம்னு ஒரு யோசனை சார். அவசரம் ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தார். கிளம்புகிற நேரத்தில் குளியலறையை நுழைத்துவிடலாம் என்பது திட்டம். தனசிங் உற்சாகமாகிவிட்டார். காபி வரவழைத்து, வளைந்த படிக்கட்டு, பால்கனி, முகப்பில் தாமரை என்று வரைந்து தள்ளினார். கேசவன் செருப்பைத் தேடுவதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து மேஸ்திரி சுப்பராயலு. அவரிடம் மதில் சுவரைப் பற்றி விசாரித்தார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் செங்கல் இறங்கிக்கொண்டிருந்தது.

"யாருய்யா உன்னை எறக்கச் சொன்னது?"

"நீதானே தலைவா கேட்டே? இன்னிக்கி முகூர்த்தம் நல்லா கீது, அதான்."

செங்கல்லைத் திருப்பி அனுப்புவதற்குள் பாதிப் பகல் போய்விட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவரால் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"ஆள் கெடச்சாரா?" என்றாள் கிளியம்மாள்.

"பாத்துகினு கீறேன்."

"இன்னும் பாத்துகினேதான் கீறியா? முடியலன்னா சொல்லிடுய்யா. காட்டாங்குளத்தூர்ல அக்கா வூட்டுக்குப் போயிடறேன். அங்க உள்ளயே வெஸ்டர்ன் கீது."

கேசவன் நடப்பதை நிறுத்தினார். அக்காவிடம் போனவள் எப்போது திரும்புவாள் என்று யார் சொல்வது? அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும் இந்தக் கொஞ்ச நாளிலேயே வீடு அவருக்குப் பிடிக்காமல் போயிருந்தது.

மண்டிக்கு வருகிற ஒருவர் சொல்லி, சேலையூரில் ரமாவைத் தேடிப் போனார். கட்டட வரைபடம் போடுகிற பெண். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். இந்தத் தடவை குளியலறை என்றே வாயைத் திறந்துவிட்டார். அந்த அளவுக்கு முன்னேற்றம்தான்.

"யாருக்கு சார்?" என்றாள் ரமா.

நாக்கு பழக்கத்தை விடவில்லை. "குடித்தனக்காரங்களுக்கு. எப்ப வேணாலும் கட்டிக்கலாம்."

ரமா வீட்டுக்கு வந்து அளந்து போனாள். இரண்டு நாள் கழித்து வரைபடத்தை மேஜையில் விரித்தாள். "வாடகைக்கு இதுதான் சரி. இண்டியன் டைப், கழுவ சுலபம். கதவு சந்துப் பக்கம். உங்களுக்கு அவங்க தொந்தரவே இருக்காது."

கேசவன் குனிந்து பார்த்தார்.

"இது இன்னா கோடு?"

"படி சார். பீடத்தைத் தூக்கி வச்சாத்தான் தண்ணி ஓடும்."

"படியா? எப்பிடிம்மா ஏறுவா?"

"யாரு?"

"ஏறினாலும் எப்பிடி ஒக்காருவா? மழையில சந்து வழியா சுத்திகினு போவாளா அவ?"

"சார், எந்த அவ?"

கேசவன் சுவரைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். விழுந்தது, ஆபரேஷன், அக்கா வீடு. "எனக்கு ஆள் வேணும்மா. இன்னிக்கே வேணும். நீ இல்லன்னா எனக்கு வேற ஆள் தெரியாது." சொல்லி முடித்ததும் பழக்கதோஷத்தில் எதிராளி முகத்தில் விலை ஏறுகிறதா என்று பார்த்தார்.

ரமா வரைபடத்தின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? சரி, வாங்க ஆஸ்பத்திரிக்கு. அவங்க எப்படி எழுந்துக்கிறாங்கன்னு பார்க்காம நான் எதையும் வரைய முடியாது."

விஷயத்தைக் கேட்டு, இடுப்பு வலியையும் மறந்து சிரித்தாள் கிளியம்மாள். "என்னைக் குடித்தனக்காரின்னா சொன்னாரு? அம்மா, இவரு பொண்ணு பாக்க வந்தப்போ எங்க வூட்டு எருமையைத்தான் பாத்துகினு இருந்தாரு. எங்கப்பா எருமைக்கு வெலையே சொல்லிட்டாரு!"

"இப்ப அதுவா முக்கியம்?" என்றார் கேசவன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நேரமாகிறது, கொத்தனாரைப் பிடிக்க வேண்டும், கமோடு வாங்க வேண்டும், இன்றைக்கே நெல் அறையைக் காலிசெய்ய வேண்டும்.

நர்ஸ் தாங்கிப் பிடிக்க, கிளியம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எதைப் பிடிச்சு எழுந்துக்கிறீங்க?" என்று கேட்டாள் ரமா.

"இவரு கையைத்தான்."

"சார், கையை அப்படியே நீட்டுங்க. சுவர்ல கம்பி அந்த உயரத்துலதான் வரணும்."

கேசவன் நீட்டினார். ரமா தரையில் மண்டியிட்டு டேப்பை அவர் மணிக்கட்டு வரை இழுத்தாள். "ஆடாதீங்க சார்."

கிளியம்மாள் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பற்றித் தன் பாரம் முழுவதையும் அதில் போட்டாள்.

"ஒசரமா கீது. எறக்கு."

இறக்கினார்.

"இன்னும் கொஞ்சம்."

இறக்கினார். தோள் கடுத்தது. நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

"ஆங், அங்கதான்," என்றாள் கிளியம்மாள். "அங்கயே இருய்யா."