அப்பாவின் பத்துக் கட்டங்கள்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் என் கால்சட்டைக்கு அளவெடுத்த தையல்காரர். அவருடைய பத்து விரலும் கரியாக இருந்தன. ஏன் என்று கேட்டேன், சொன்னார். கதை பிறந்த மர்மம் அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "ரேகைகள் மனிதனின் ரகசிய வரைபடம்; அவற்றின் சுழல்களில்..."

[வேண்டாம். இப்படிப் பேசுகிறவனிடம் நான் கைக்குட்டைகூட வாங்கமாட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: துணிக்கடை முதலாளிக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். வீட்டிலேயே செய்துபார்க்கும் அறிவியல் புத்தகம் ஒன்று அவளிடம் இருந்தது. பென்சில் கரியை விரலில் தேய்த்து, ஒட்டுநாடாவால் ரேகையை எடுத்து, தாளில் ஒட்டவேண்டும். பிறகு சுழியா, வளையமா, வில்லா என்று பிரிக்கவேண்டும். அவளுக்குப் பத்தும் சுழி. அம்மாவுக்கு எட்டு வளையம், இரண்டு சுழி. அப்பாவுக்கு, பத்துக் கட்டம் போட்ட வெறும் தாளையும் கரியையும் நாடாவையும் கடைக்குக் கொடுத்தனுப்பினாள்.

[இது இருக்கட்டும்.]

3

முதலாளி எழுதாத தாளில் விரல் வைக்கமாட்டார், பெற்ற பிள்ளை கேட்டாலும். [நம்பமுடியவில்லையா? நீங்கள் வியாபாரிகளோடு வளரவில்லை.] அந்த மகா புத்திசாலி கடைத் தையல்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க விரலைக் கொஞ்சம் வைங்க."

"எதுக்கு மொதலாளி?"

"பாப்பா கேட்டுச்சு. வெளையாட்டுதான்."

"அப்ப நீங்களே வைக்கலாமே."

"வெறுந்தாள்லயா?"

"நான் மட்டும் வைக்கலாமா?"

"உங்ககிட்ட எழுதி வாங்க என்னண்ணே இருக்கு?"

4

பத்தும் வில்.

குடும்பத்தாரின் ரேகைகளில் ஒற்றுமை தெரியலாம் என்றது புத்தகம். மகள் லென்ஸை வைத்து மூன்று தரம் தேடினாள். அப்பாவின் தாளோடு ஒன்றும் ஒத்துப்போகவில்லை. இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மாவிடம் கேட்டாள்: "நான் யாரு பொண்ணு?"

அந்தக் கணத்தில் ஒரு தாயின் இதயம்...

[அடித்துவிட்டேன். தாய் தாளை வாங்கிப் பார்த்தாள். நேராகக் கணவரிடம் போனாள். மகளும் பின்னாலேயே போனாள்.]

"இது உங்க விரலா?"

"ஏன், அதுல என்ன குறை?"

"பிள்ளை தன்னை எங்கேயோ பொறந்ததுன்னு நெனச்சுட்டு இருக்கு. உங்க விரலா, இல்லையா?"

"தையல்காரர் விரல்," என்றார், சரக்கு மாறிப்போன தொனியில். "வெறுந்தாள்ல எப்படி வைக்கிறது?"

[அடிக்குறிப்பு: ரேகையின் வடிவத்தை வைத்துத் தகப்பனைக் கண்டுபிடிக்கமுடியாது. பிள்ளைக்கு அது தெரியாது. கடை நடத்துகிறவருக்கும் தெரியாது; தன் விரலும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று இப்போது அவருக்கும் வேர்க்கிறது.]

5

முடிவு அ: அவர் கண்ணீரோடு மகளை அணைத்து... இந்த ஆளா? முடிவு ஆ: அவருக்கும் பத்தும் சுழி. மலிவு.

முடிவு இ: மகள் புதுத் தாள் எடுத்துக் கட்டம் போட்டாள். மேலே எழுதினாள்: "இவர் என் அப்பா." முதலாளி இரண்டு தரம் படித்தார். குறை சொல்ல ஒரு எழுத்துகூட அகப்படவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"கட்டைவிரல் மட்டும் போதாதா பாப்பா?"

"பத்தும் வேணும்."

"ஒரு கை. அஞ்சு."

அவள் நாடாவைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் சொன்னது மூன்றாம் பகுதியோடு சரி. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. ஆகவே இதை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், இங்கேயே நிறுத்துகிறேன். இனிப் பேரம் உங்களுடையது. ஏழு, எட்டு என்று இரக்கப்பட்டு முடித்துவிடுவீர்கள், தெரியும். அவள் இடத்தில் நான் இருந்தால் ஒன்பதுக்குக்கூட இறங்கமாட்டேன்.