கெண்டிக் கிண்ணத்து ஊற்று

வயோமிங் மலைப்பக்கத்தில், பெண்டாட்டியிடம் பொய் சொல்லலாமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. மான் நிற்கும் இடத்தைப் பற்றிப் பொய் சொல்லலாமா என்பதில் ஒரே கருத்துதான்: சொல்லியே தீர வேண்டும். வடக்கே பார்த்தவன் தெற்கே என்பான். கேட்கிறவனும் அதை நம்பாமல் தலையை ஆட்டிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்று பிரசங்கம் செய்கிற பாதிரியாரே இதில் கைதேர்ந்தவர். மலைப்பாதை பிரிகிற இடத்தில் முன்பின் தெரியாத வேட்டைக்காரன் எதிர்ப்பட்டால், இரண்டு வார்த்தை பேசிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். அவன் எந்தப் பக்கம் போகிறான் என்று பார்க்கக் கூடாது. அதுதான் அங்கே மரியாதை.

இதற்கெல்லாம் விலக்கு ஒன்றே ஒன்று. உன் மான் கறியில் பாதியைத் தன் முதுகில் சுமந்து இறக்கப்போகிறவனிடம் மட்டும் பொய் கூடாது. ஓரின் டேட் மீறியது அந்த ஒன்றைத்தான்.

ஓரின் கெட்டவன் இல்லை. வீடு வீடாகக் கேஸ் நிரப்புகிற லாரி ஓட்டுகிறவன், வம்பு தும்புக்குப் போகாதவன். அவனுடைய மைத்துனன் லைல், பெண்டாட்டி மார்லாவின் தம்பி, அதைவிட நல்லவன். ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. முன்னொரு வருஷம் ஓரின் காட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு மானை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த படத்தை ஊரெல்லாம் காட்டினான். இடத்தின் பேரைச் சொல்லவில்லைதான். ஆனால் படத்தில் பின்னால் மலை முகடு தெரிந்தது. அந்த ஊர் ஆட்களுக்கு முகட்டின் வளைவைப் பார்த்தால் போதும், பெற்ற பிள்ளையின் மூக்கைப் பார்த்த மாதிரி. மறு வருஷம் அங்கே கூடாரங்கள் திருவிழாக் கடை போல வரிசையாக நின்றன.

அதனால்தான் இந்த வருஷம் இப்படி ஆயிற்று. வில் வேட்டை அனுமதிக்கான அரசாங்கக் குலுக்கலில், வருஷக்கணக்காகக் காத்திருந்து, இருவருக்கும் ஒன்றாகவே சீட்டு விழுந்தது. இனி ஆயுசில் இன்னொரு தடவை விழுமா என்பது சந்தேகம். ஜூலையில் ஓரின் தனியாக மலையேறி நோட்டம் பார்த்தான். மரங்கள் முடிந்துபோகும் உயரத்தில், கிண்ணம் போலக் குடைந்த ஒரு பள்ளத்தில் ஒரு கொம்பன் மான் நின்றது. கழுதைக் காதும், கிளை கிளையாக அகன்று விரிந்த கொம்பும். புதுக் கொம்பைப் போர்த்தி வளரும் பட்டுத்தோல் இன்னும் உரியவில்லை. ஓரின் பாறையோடு பாறையாகப் படுத்துக்கொண்டு அழுதான் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். ஆனால் அழுதான்.

அந்தப் பள்ளத்தின் பேர் சேணக் கிண்ணம். லைலிடம் அவன் சொன்னது வேறொரு பள்ளத்தை, கெண்டிக் கிண்ணத்தை.

'மலையடிவாரத்தில் போன் சிக்னல் போன பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்வோம். அதற்கப்புறம் அவன் யாரிடம் உளறுவான், அணிலிடமா?' இதுதான் ஓரினின் திட்டம். ஒரு மாசத்துக்கு ஒரு சின்னப் பொய். அவ்வளவுதான் என்று நினைத்தான்.

திட்டம் போடுவதென்றால் லைலுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஓரின் வீட்டுச் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் காபிக் கோப்பைகளை வைத்தான். எல்க் மான் உப்புக்கண்டம், ஓட்ஸ் பொட்டலம், வேர்க்கடலை வெண்ணெய் எல்லாவற்றையும் தராசில் நிறுத்தான். முதுகுச் சுமையைக் குறைக்கப் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியில் அறுத்துக்கொண்டிருந்தபோது மார்லா உள்ளே வந்தாள்.

"டேய், தொப்பைல ஒரு மூட்டை தொங்குது, பிரஷ்ல எடையக் கொறைக்கிறியாக்கும்?"

"அக்கா, தொப்பை தானா நடந்து வரும். பிரஷ்ஷ நான்தானே சொமக்கணும்?" என்றான் லைல். பிறகு ஓரின் பக்கம் திரும்பினான். "மச்சான், தண்ணிதான் இடிக்குது. கெண்டிக் கிண்ணத்துல மேப்ல ஒரு நீலப் புள்ளிகூட இல்ல. செப்டம்பர்ல பனியும் இருக்காது. தண்ணி இல்லாத எடத்துல அவ்ளோ பெரிய கொம்பன் எப்டி நிக்குது?"

நியாயமான கேள்வி. ஓரின் கெண்டிக் கிண்ணத்தில் கால் வைத்தது கிடையாது. தெரியாது என்றால் லைல் விடமாட்டான். பக்கத்துக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் துருவுவான், சேணத்துக்கும் வந்து சேருவான்.

"ஊத்து ஒண்ணு இருக்கு," என்றான் ஓரின். "கீழ்ப்பக்கம் பாறை செங்குத்தா எறங்குதில்ல, அதுக்கு அடில."

"பாறைக்கு அடிலயா? எப்டி எறங்குன?"

"ஒரு இடுக்கு இருக்கு. புடிச்சிப் புடிச்சி எறங்கலாம்."

லைல் பென்சிலை எடுத்து, மனசார, அங்கே ஒரு சின்ன வட்டம் போட்டான். "அப்ப தண்ணிச் சொமை மிச்சம். கெட்டிக்காரன்டா மச்சான் நீ." ஓரின் அந்த வட்டத்தைப் பார்த்தான். தன் கழுத்துக்கு யாரோ அளவெடுத்த மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து பேச்செல்லாம் அந்த ஊற்றைச் சுற்றியே. கூடாரம் ஊற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கலாம், மான் எந்நேரம் தண்ணீர் குடிக்க வரும், காற்று எப்படி அடிக்கும். ஓரின் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். சொல்லச் சொல்ல ஊற்று வளர்ந்தது. அதன் ஓரத்தில் பாசி முளைத்தது, ஈர மண்ணில் குளம்புத் தடம் விழுந்தது. வாயைத் திறந்தால் ஒரு பொய் வந்து விழுகிறதே என்று அவனுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் கொல்லையில் வைக்கோல் கட்டை வைத்து இருவரும் அம்பு விட்டுப் பழகினார்கள். இன்று சொல்லிவிடுவது என்று ஓரின் முடிவு கட்டியிருந்தான். வாயெடுப்பதற்குள் லைல் வில்லைத் தாழ்த்தினான்.

"மச்சான், மொத அம்பு உன்னோடது. நீ கண்டது. நான் பின்னால உக்காந்து வேடிக்க பாக்குறேன், போதும்."

"அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம். லைல், ஒரு விஷயம்..."

"இரு, நான் சொல்லிடறேன். இந்தத் தடவ நான் மூச்சு விடல. தீவனக் கடைல நாலு பேரு சுத்தி நின்னுக்கிட்டு எங்க எங்கன்னு தொளச்சி எடுத்தானுங்க. நானும் சும்மா இல்ல, நைஸா மாத்தி விட்டுட்டேன்." அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. "சேணக் கிண்ணம்னு சொல்லிட்டேன்! அத்தன பேரும் அங்கதான் போவானுங்க, நாம கெண்டில நிம்மதியா இருக்கலாம்."

ஓரின் வைக்கோல் கட்டில் குத்தி நின்ற அம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவதற்கும் வழியில்லை. தன் ரகசியம் போனதற்காக அழவும் முடியாது. கையும் களவுமாகப் பிடிபட்டால்கூட இதைவிட நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ என்னமோ சொல்ல வந்தியே?" என்றான் லைல்.

"ஒண்ணுமில்ல. முழங்கால் வலிக்குது."

அந்த வாரம் முழுக்க முழங்கால்மேல் பழியைப் போட்டே ஓரின் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான். அதுவே வினையாயிற்று.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் காலை மார்லா முட்டை பொரித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னான். இனிமே சொன்னா என்ன. லைல் நேத்து விடியக்காலமே மலைக்குப் போயிட்டான். உனக்கு முழங்கால் சரியில்லயாம். கூடாரம், சாப்பாடு, உன் படுக்கை எல்லாத்தையும் அவனே சொமந்துட்டுப் போய் வெச்சிடறானாம். நீ வில்ல மட்டும் தூக்கிட்டு வந்தாப் போதும்னான்."

ஓரினின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"தண்ணி எடுத்துட்டுப் போனானா?"

"ஒரு பாட்டில். அதான் ஊத்து இருக்கே. என்னாச்சு ஓரின், மூஞ்சி ஏன் இப்டி வெளுக்குது?"

ஓரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். லைலின் போனுக்கு அடித்தான். எடுக்கவில்லை, அங்கே எடுக்கவும் எடுக்காது. கொட்டகையிலிருந்து தடித்த கயிற்றையும், வீட்டிலிருந்த அத்தனை தண்ணீர் பாட்டில்களையும் டிரக்கில் அள்ளிப் போட்டான். வில் சுவரிலேயே தொங்கியது.

அடிவாரத்தில் லைலின் டிரக்கோடு வேறு சில டிரக்குகளும் புழுதி படிந்து நின்றன. எல்லாம் தீவனக் கடை ஆட்களுடையவை. பாதை பிரியும் இடத்தில் அவர்களுடைய பூட்ஸ் தடங்கள் இடது பக்கம், சேணத்துக்குத் திரும்பியிருந்தன. வலது பக்கம் ஒரே ஒரு தடம். அவன் வலது பக்கம் ஏறினான். முழங்கால் நிஜமாகவே வலித்தது. நியாயந்தான் என்று நினைத்துக்கொண்டான்.

கெண்டிக் கிண்ணத்தை அவன் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான். காய்ந்த புல்லும் கல்லும். கூடாரம் ஒழுங்காக இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளே சமதரையான பக்கத்தில் ஓரினின் படுக்கை விரித்திருந்தது. லைலின் படுக்கை கல் முட்டுகிற சரிவில் கிடந்தது. ஆளைக் காணோம்.

"லைல்!" என்று கத்தினான். மறுபடி கத்தினான். பாறை விளிம்புக்குக் கீழே இருந்து குரல் வந்தது, உமி உரசுகிற மாதிரி.

ஓரின் மார்பை மண்ணில் அழுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். நேர் கீழே, மேஜை அகலம்கூட இல்லாத ஒரு விளிம்பில் லைல் முதுகைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். மேலே வழுவழுப்பு. கீழே பார்க்க முடியவில்லை. இறங்க முடிந்த இடுக்கில் திரும்ப ஏற முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறான். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

"வந்துட்டியா மச்சான்," என்றான். சிரிக்கக்கூடப் பார்த்தான். "தப்பு என்மேலதான். வேற இடுக்குல எறங்கிட்டேன் போல. நீ சொன்னத நான் சரியாக் கேட்டுக்கல."

"அப்டியே நில்லு. கயிறு கொண்டாந்திருக்கேன்."

"அது இருக்கட்டும். தண்ணி பக்கத்துலதான் இருக்கணும் மச்சான், மொனகுற சத்தம்கூடக் கேக்குது. ஜூலைல நீ எந்தப் பக்கம் கால வெச்ச? இந்த மூலைய எடது பக்கமா சுத்துனா ஊத்துதானே? ஒரு எட்டுதான்." அவன் இடது கால் விளிம்பைத் தடவிக்கொண்டே நகர்ந்தது. ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. அது அடியில் போய்ச் சேர்ந்த சத்தம் கேட்க வெகுநேரமாயிற்று.

"அசையாத!" ஓரின் அலறினான். "அங்க ஒண்ணுமில்ல. ஊத்தே இல்ல லைல். இடுக்கும் சும்மா சொன்னது. நான் இங்க வந்ததே இல்ல."

கால் நின்றது.

"வந்ததே இல்லன்னா?"

"பொய் சொன்னேன். கொம்பன் இங்க இல்ல. சேணத்துல நிக்குது. நீ வெளிய சொல்லிடுவியோன்னு பயந்து... அடிவாரத்துல வந்து சொல்லிடலாம்னு இருந்தேன். சத்தியமா."

ஓரின் கயிற்றைக் கட்டிக் கீழே விட்டான். லைல் மேலே பார்க்கவில்லை. எதிரே இருந்த வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கயிறு எதுல கட்டியிருக்க?" என்று கேட்டான் கடைசியில்.

"பாறைல. பெரிய பாறை."

"இழுத்துக் காட்டு. சத்தம் கேக்கட்டும். முடிச்சு என்ன முடிச்சு, சொல்லு." ஓரின் சொன்னான். "இன்னொரு தடவ இழு." இழுத்தான். இத்தனை வருஷத்தில் ஓரின் கட்டிய முடிச்சை லைல் திரும்பிப் பார்த்ததுகூடக் கிடையாது. இப்போது ஒவ்வொன்றையும் கேட்டு, கேட்ட பிறகும் கயிற்றைத் தானே பல தடவை வெட்டி இழுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் இடுப்பில் கட்டினான்.

மேலே வந்து சேர்ந்ததும் மூச்சு விடாமல் தண்ணீர் குடித்தான். குடித்து முடித்துக் கூடாரத்தைப் பிரித்தான். சாமானை இரண்டாகப் பிரித்து, ஓரினுடையதை ஓரின் பக்கம் வைத்தான்.

"லைல், திட்டிடு. ரெண்டு அறை வேணா அறை."

"அந்தத் தீவனக் கடைல," என்றான் லைல், படுக்கையைச் சுருட்டிக்கொண்டே, "நாலு பேரு கேட்டும் உன் எடத்த நான் சொல்லல."

தன் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டான். முன்னால் இறங்கினான். ஓரின் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தான். அவன் மனசில் ஒன்றுதான் ஓடியது. கொம்பன் போனால் போகட்டும், இவன் போய்விடக் கூடாது.

பாதை பிரிகிற இடத்தில் லைல் நின்றான். சேணத்துப் பக்கம் இன்னும் வெயில் இருந்தது.

"வா லைல்," என்றான் ஓரின். "எந்தப் பாறைக்குப் பின்னாலன்னு காட்டுறேன். அவனுங்களுக்கு அது தெரியாது. மொத அம்பு உன்னோடது. எல்லாத்தையும் சொல்லிடறேன்..."

லைல் கையை உயர்த்தி நிறுத்தினான். தொப்பியைத் தொட்டு, "பாத்துப் போங்க," என்றான். போங்க என்றான். பிறகு, அந்த ஊர் மரியாதைப்படி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான்.

ஓரின் எந்தப் பக்கமும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, லைல் திரும்பாமலே கேட்டான்.

"போயிட்டீங்களா?"