இளமஞ்சள் டிஸ்டெம்பர்

நிமாய் மிஸ்திரி டிஸ்டெம்பர் பெயின்ட்டின் நிற அட்டையைத் தரையில் விரித்துவிட்டு ஷியாமளாவின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு வங்காளி தெரியாது என்று புரிந்ததும் இந்திக்கு மாறினார்; அண்ணி என்கிற பௌதி மட்டும் வங்காளியாகவே இருந்தது. கும்பகோணத்தில் மத்யமா பரீட்சை வரைக்கும் படித்த இந்தி அவளுடையது. கல்கத்தாவின் டாலிகஞ்சில் பேசும் இந்தியோடு அது பாதிதான் ஒத்துப்போனது. ஆனாலும் அவர் சொன்னது விளங்கியது. வெளிர் நிறம் எதை அடித்தாலும் மூன்று மாதத்தில் சுவரின் கரி மேலே வந்துவிடும். கீழ் வரிசையைப் பாருங்கள் பௌதி, அடர்பச்சை, கருநீலம், செங்கல் நிறம், இவைதான் மறைக்கும்.

அவள் தலையை ஆட்டினாள். கல்யாணமாகி வந்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. பத்து மாதங்களுக்கு முன்னால் இந்தச் சமையலறையில்தான் அக்கா ஜலஜா எரிந்துபோனாள். ஸ்டவ் வெடித்துவிட்டது, மாப்பிள்ளை ஓடிப்போய்க் கம்பளியைப் போட்டு அணைத்திருக்கிறார், அவருக்கும் இரண்டு கையும் வெந்துவிட்டது என்று அப்பா கல்கத்தாவிலிருந்து திரும்பிவந்து சொன்னார். அதற்குப் பிறகு சமையலறையைப் பூட்டிவிட்டார்கள். பின்பக்க வராந்தாவில் ஒரு மேஜையைப் போட்டுச் சமையல் நடந்தது. அக்காவின் பெண் மிட்டுவுக்கு நாலு வயது. அந்தப் பூட்டிய கதவைத் தாண்டும்போது எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பாள். ஒருநாள் அதைப் பார்த்த பிறகுதான், கதவைத் திறந்து வெள்ளையடித்துப் புழங்கிவிடலாம் என்று ஷியாமளாவே சொன்னாள். அக்காவின் கணவராயிருந்து இப்போது அவளுக்குக் கணவராகிவிட்ட சௌந்தரராஜன், "உனக்குப் பிடிச்ச கலரா அடிச்சுக்கோ. நீதானே பொழங்கப்போறே" என்றார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மிட்டு கீழ்வீட்டுக் குழந்தைகளோடு விளையாடப் போயிருந்தாள். அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரை அத்திம்பேர் என்று ஐந்து வருஷம் கூப்பிட்டவள். இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், எதிரில் போய் நின்றுதான் எதையும் கேட்பது வழக்கமாகியிருந்தது. இளமஞ்சள் நன்றாக இருக்குமா என்று கேட்கலாமென்று எழுந்தபோது மிஸ்திரி கூப்பிட்டார்.

அவர் சமையலறைக் கதவின் உட்புறத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கதவின் சட்டம் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. தாழ்ப்பாள் வளைந்து ஒற்றைத் திருகாணியில் தொங்கியது.

"வெளியிலிருந்து கடப்பாரை போட்டு நெம்பியிருக்கிறார்கள் பௌதி. மக்குப் பசை வைத்து அடைத்துவிடட்டுமா, சட்டத்தையே மாற்றிவிடலாமா?"

அவள் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே இருந்தபடி போடுகிற தாழ்ப்பாள்.

முன்னறைக்குப் போனாள். அவர் நிமிரவில்லை.

"அத்திம்பேர்."

பேப்பர் தாழ்ந்தது.

"அன்னிக்குக் கதவு சாத்தியிருந்ததா?"

அவர் அவளுடைய விரலில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்தார். பேப்பரை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். கையில் தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது.

"தாப்பாள் போட்டுண்டா" என்றார். "நான் இங்கதான் ஒக்காந்திருந்தேன். இதே எடம். கோச்சுண்டு உள்ள போறான்னு நெனச்சேன். கீழேர்ந்து கடப்பாரை வாங்கிண்டு வந்து ஒடைக்கறதுக்குள்ள..."

"என்ன கேட்டா அவ?"

"ஊருக்குப் போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வரேன்னா. தூக்கமே வரலை, இங்க மூச்சு முட்டறதுன்னு அழுதா. தெனம் அழுவா, பழகிப்போச்சு. ஆபீஸ்ல மார்ச் க்ளோசிங் முடியட்டும்னேன்."

சமையலறையில் மிஸ்திரி சுவரைச் சுரண்டும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

அவர் மடித்த பேப்பரை முழங்காலில் வைத்து அழுத்தினார்.

"தெரியுமான்னு கேக்கறேன்."

"காரியத்துக்கு வந்தப்பவே சொல்லிட்டேன். அவருக்கும் அவ எழுதியிருக்கா, வந்து அழைச்சுண்டு போங்கோன்னு. கோடைல பாத்துக்கலாம், அனுசரிச்சுண்டு இருன்னு பதில் போட்டிருந்தார். உனக்கும் அம்மாவுக்கும் தெரியவே வேண்டாம்னு என் கையப் பிடிச்சுண்டு சொன்னார்." சற்று நிறுத்தி, "ஒன்னை எனக்குக் கேக்கறதுக்கு முன்னாடி நானாவது சொல்லியிருக்கணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை, கோபமும் வரவில்லை. காலடியில் தரை மட்டும் சில்லென்று இருந்தது.

இங்கே பிடிக்காமல் போனால் திரும்பிவிடலாம் என்று ஒரு யோசனையை அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஹவுராவில் ரயில் ஏறினால் மூன்றாம் நாள் ஊர். அப்பா ஏன் என்றுகூடக் கேட்கமாட்டார், உள்ளே வா என்பார், அப்படித்தான் நினைத்திருந்தாள். தாரை வார்க்கும்போது அப்பாவின் கை நடுங்கியது. மூத்தவளை நினைத்து நடுங்குகிறது என்று அவளும் அழுதாள். அந்தக் கை இருக்கிற வீட்டு வாசலில் இனி எப்படிப் போய் நிற்பது? கீழே முற்றத்தில் மிட்டு யாரையோ வங்காளியில் அதட்டிக்கொண்டிருந்தாள்.

சமையலறைக்குத் திரும்பினாள். அட்டையின் முன்னால் குந்தி உட்கார்ந்து மேல் வரிசையில் விரலை வைத்தாள்.

மிஸ்திரி வருத்தத்தோடு சிரித்தார். "இளமஞ்சளா? கறை தெரியும் பௌதி. மழைக்காலம் வந்தால் போதும்."

"தெரியட்டும்" என்றாள் தமிழில். அவர் கேள்வியோடு பார்க்கவும் இந்தியில் மறுபடி சொல்லிவிட்டுச் சேர்த்தாள். "சட்டத்தை மாற்றிவிடுங்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டாம்."

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. அவர் வந்து நடையில் நின்றார். அதற்கு மேல் வரவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுண்ணாம்புத் தூசி மூக்கில் ஏறியது. ஜன்னல் இறுகிக் கிடந்தது. இரண்டு உள்ளங்கையாலும் ஓங்கித் தள்ளினாள். மூன்றாவது தள்ளலில் அது படாரென்று திறந்து வெளிச்சுவரில் மோதியது. எதிர்வீட்டு மாடி பத்தடி தூரத்தில் இருந்தது. ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு வங்காளிப் பெண் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். ஷியாமளாவுக்கு ஜலஜாவின் அதே நெற்றி, அதே சுருட்டை முடி. அந்தப் பெண்ணின் கைகள் பாதி முறுக்கில் நின்றுவிட்டன. முன்பு இதே ஜன்னலில் நின்றவளையே மறுபடி பார்ப்பதுபோல் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். புடவையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் காலடியில் பெருகிக் கைப்பிடிச் சுவரின் ஓட்டை வழியாகக் கீழே ஒழுகத் தொடங்கியது. கை அசைப்பதா, ஜன்னலைச் சாத்துவதா என்று தெரியாமல் ஷியாமளா கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.