பூ வைத்தால் திறக்கும் கதவு

வட்டக்கச்சிக் கிராமத்தில் இருந்துகொண்டு, உலகத்தில் வருகிற வீடியோ கேம்களுக்கெல்லாம் தமிழில் நல்லது கெட்டது சொல்கிறவள் தேனுகா. யூடியூபில் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு கூட்டம் இருந்தது. இந்த முறை கையில் கிடைத்தது பறக்கும் வீரன் ஒருவனின் கதை. பட்டணத்தைக் காப்பாற்றுகிற அவன், காணாமல் போன தகப்பனையும் தேடுகிறான். விளையாடி முடித்து மறுநாளே விமர்சனம் போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

குறைகளுக்குப் பஞ்சமில்லை. சண்டையெல்லாம் ஒரே மாதிரி. வில்லனோ அடிக்கிறதை விட்டுவிட்டுப் பிரசங்கம் செய்தான். ஆனாலும் கூரைகளுக்கு மேலால் பறக்கும்போது அடிவயிறு கூசியது. கதையும் ஆளை எழும்ப விடவில்லை. அம்மா விமலேஸ்வரியே பின்னேரமானால் முறித்துப்போடப் பயற்றங்காயும் சுளகுமாக வந்து பக்கத்துக் கதிரையில் குந்திவிடுவாள்.

“பறக்கிற பெடியன் தேப்பனைக் கண்டுபிடிச்சிட்டானோ?” என்பதுதான் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி.

ஏன் கேட்கிறாள் என்று மகளுக்குத் தெரியாதா? யுத்தத்தின் கடைசி நாட்களில், இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறிப்போன அப்பா தங்கராசா இன்னும் திரும்பவில்லை. அம்மாவின் நெற்றியில் குங்குமம் அழியவில்லை. சுவரிலிருக்கும் படத்துக்கு மாலை இல்லை. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் விரதமிருக்க, இந்த வீட்டில் மட்டும் வீம்புக்கு மீன்குழம்பு கொதிக்கும்.

“உயிரோட இருக்கிற மனுசனுக்கு விரதமோ?” என்பாள் அம்மா. தேனுகா பேசாமல் சாப்பிடுவாள்.

அன்று கதை ஒரு மயானத்துக்கு வந்தது. தகப்பனின் பெயர் பொறித்த கல்லறை. உள்ளே உடல் இல்லை. இனித் தேடவேண்டாம் என்று வீரனுக்குச் சொல்லிவிட்டார்கள். அவன் கையில் ஒரு பூ. பொத்தானை அழுத்தினால் பூவை வைப்பான், மயானத்துக் கதவு திறக்கும்.

விமலேஸ்வரியின் கையில் பயற்றங்காய் முறியாமல் நின்றது.

“வைக்காட்டி என்ன நடக்கும்?”

“ஒண்டும் நடக்காது அம்மா. கதை அங்கால போகாது. இவன் இதிலயே நிப்பான்.”

“நிக்கட்டும். உடம்பையும் காணாமல் பூ வைக்கிறவன் ஒரு பிள்ளையோ?”

தேனுகாவுக்கு முகம் சுட்டது. அம்மா தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள். பட்டணத்தையே காப்பாற்றுகிறவன் ஒரு கல்லுக்கு முன்னால் மரமாக நின்றான். விமர்சனத்துக்காகத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு அழுத்தினாள்.

வீரன் குனிந்து பூவை வைத்தான். கதவு திறந்தது. அவன் மேகங்களுக்குள் எழும்பினான். அந்த விளையாட்டிலேயே ஆக அழகான இடம் அதுதான். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. அப்படி இருந்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது.

திரும்பினால் வாசலில் அம்மா, கையில் இரண்டு கோப்பை.

“எப்ப வைச்சனீ?”

“நீங்கள் குசினிக்குப் போகேக்க.”

அப்பா வரமாட்டார் என்று தேனுகா நம்பத் தொடங்கி வருடங்களாகின்றன. அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது முகம் சொல்லிவிட்டது. விமலேஸ்வரி அந்த முகத்தையே பார்த்தாள். கோப்பைகளை மெல்ல மேசையில் வைத்தாள்.

“அப்ப ஆடி அமாவாசைக்கு ஏன் பிள்ளை என்ர மீன்குழம்பைத் திண்டனீ?”