சத்தத்தில் எழுந்த காம்பிரா

குருவிமலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான ஏழாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் நிற்கிற அறை சத்தத்தால் கட்டியது. அதில் செங்கல் ஒன்று இல்லை, சீமெந்து ஒரு பிடி இல்லை, தகரமும் இல்லை. யட்டியாந்தோட்டையிலிருந்து பஸ் ஏறிப் பார்க்க வருகிறவர்கள் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், பிறகு காதை வைத்துப் பார்ப்பார்கள், அப்புறம் அறைக்குச் சொந்தக்காரி கோகிலா கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் ஓர் ஆணி, ஆணியில் குடை. சத்தத்தில் ஆணி எப்படி இறங்கியது என்று கேட்டால் சுத்தியலால்தான் என்பாள்.

அந்த அறை எழுவதற்கு முன்னால் சின்னம்மாவின் குடும்பத்துக்கு இருந்தது காம்பிரா என்கிற ஒரே ஓர் அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, மூலையில் அடுப்பு. ரப்பர் பால் வெட்டுகிற சின்னம்மா, மகன் உதயராஜ், மருமகள் சர்மிளா, அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகள், சர்மிளாவின் வயிற்றில் மூன்றாவது, பிறகு உதயராஜின் தங்கை கோகிலா. கோகிலா அடுப்புக்குப் பக்கத்தில் காலை மடக்கிப் படுத்தாள். வீட்டைக் கொஞ்சம் நீட்டிக் கட்டலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சொல்வதற்கு என்ன, வாய் தானே. தோட்டத்து மண்ணில் ஒரு கோழிக்கூடு வைப்பதென்றாலும் ஆபீஸில் போய்க் கைகட்டி நின்று கேட்க வேண்டும், கேட்டாலும் கிடைக்காது. உதயராஜ் ஒருமுறை கேட்காமலே லயத்துக்குப் பின்னால் நான்கு கம்பு நட்டுத் தகரம் போட்டான். மறுநாளே ட்ராக்டரில் ஆள் வந்து பிடுங்கிப் போட்டது. தகரத்தையும் அள்ளிக்கொண்டு போனது. அந்தத் தகரம் ஆபீஸின் பின்புறத்தில், சம்பளம் வாங்கப் போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரியே கிடந்து துருப்பிடித்தது.

தகரம் போன பிறகு வீட்டுக்கு வேறொரு யோசனை வந்தது. கோகிலாவைக் கட்டிக்கொடுத்துவிட்டால் ஒரு ஆள் படுக்கிற இடம் மிச்சமாகும். இதை யாரும் ஒளித்துப் பேசவில்லை, கெட்ட எண்ணத்திலும் பேசவில்லை. கஹவத்தைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகத் தகவல் வந்தது. சின்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவன் நல்ல பையன் என்றாள். கோகிலா சோற்றுத் தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

"ஒரு பாய் விரிக்கிற இடத்துக்காக நான் கழுத்த நீட்டணுமாம்மா?"

சர்மிளா தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

கோகிலாவுக்கு வேலை பஸாரில், ஹுஸைன் நானாவின் போன் திருத்துகிற கடையில். உடைந்த போனை ஐந்து நிமிடத்தில் எழுப்புவாள், எழுப்பியதைப் பத்து நிமிடம் பெருமை பேசுவாள். அடக்கம் என்ற சாமான் அவளிடம் கிடையாது. அவள் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, அதில் வந்த இயந்திரத்தைத் தானே செய்யப் போவதாக அறிவித்தாள். மொடியூலர் சிந்தசைசர் என்பது ஒரே பெட்டியாக வருகிற வாத்தியம் இல்லை. தனித்தனிச் சின்னப் பலகைகள். ஒன்று சத்தத்தை எழுப்பும், ஒன்று வடிகட்டும், ஒன்று கூட்டிக் குறைக்கும், ஒன்று தலைகீழாகப் புரட்டும். எதை எதோடு வயரால் கோர்ப்பது என்பது கோர்க்கிறவர் இஷ்டம். கழற்றிய நிலையில் சாமான்களாக வாங்கினால் மலிவு, நாமே ஈயம் ஒட்டிக்கொள்ள வேண்டும். லயத்துக்கு வருகிற தபாலெல்லாம் ஆபீஸில் போய்க் கிடந்து, அவர்களுக்கு மனம் வந்தபோது வந்து சேரும் என்பதால் பார்சலுக்கு ஹுஸைன் கடை முகவரியைக் கொடுத்தாள். பிரித்துப் பார்த்த ஹுஸைன், பருப்புக்குள் கல் பொறுக்குகிற மாதிரி இருக்கிறதே, இதில் பாட்டு எங்கே இருக்கிறது என்று தலையைச் சொறிந்தார்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இஸ்தோப்பில் பலகை போட்டு உட்கார்ந்து ஒட்டினாள். ரப்பர் ஷீட் நாற்றத்தோடு ஈயப் புகையும் சேர்ந்தது. வீட்டைக் கொளுத்தத்தான் போகிறாள் என்று சின்னம்மா ஒரு வாளித் தண்ணீரை எப்போதும் பக்கத்திலேயே வைத்திருந்தாள். முதலில் கரண்ட் கொடுக்கிற பலகை. மீட்டரை வைத்துப் பார்த்தாள், பன்னிரண்டு வோல்ட் மேலே, பன்னிரண்டு கீழே, சரி. ஒவ்வொரு சாமானையும் விரலால் தொட்டுச் சூடு பார்த்தாள், சூடில்லை. பிறகு சத்தம் எழுப்புகிற பலகையைக் கோர்த்து, ஒரு மழைக்காலத்துப் போயா பின்னேரம் சுவிட்சைப் போட்டாள். ஊம் என்று வந்தது. பிள்ளைகள் கைதட்டின. கோகிலா திருப்தியோடு வயரைப் பிடுங்கினாள்.

சத்தம் நிற்கவில்லை. சுவிட்சைப் பார்த்தாள், அணைத்திருந்தது. இயந்திரத்தையே தூக்கி வெளியே வைத்தாள். சத்தம் கதவுக்கும் அடுப்புக்கும் நடுவில், இடுப்பு உயரத்தில், குறுக்கே போட்ட கம்பு மாதிரி அங்கேயே இருந்தது. கஞ்சிப் பானையோடு வந்த சர்மிளா அதில் இடித்துக்கொண்டாள். தடவிப் பார்த்தாள், திரும்பிப் போய்ப் பிள்ளைகளின் ஈர உடுப்பை எடுத்து வந்து அதன்மேல் காயப்போட்டாள். மழை ஒரு கிழமையாக விடவில்லை, உடுப்பு காய்கிறதே என்ற சந்தோஷத்தில் வேறு எதையும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அவசரத்தில் ஏதோ ஒரு சாமானைத் திருப்பி வைத்து ஒட்டிவிட்டதாகத்தான் கோகிலாவின் நினைப்பு. எது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஹுஸைன் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். கிடைக்கவில்லை. போனது போகட்டும், இனி அதைத் திறக்காதே என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறே அவள் குமிழ்களைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினாள். சதுர அலை வைத்தால் சத்தம் பலகையாக எழுந்து நின்றது, அது சுவருக்கு ஆனது. முக்கோண அலை கூரைக்கு ஆனது. ரம்பப் பல் அலை படிக்கட்டாக விழுந்தது. லயத்துக்குப் பின்னால் சரிவு என்பதால் அது மிகவும் உதவியது. மேல் சத்தத்தை வடிகட்டினால் சுவரில் ஜன்னல் திறந்தது, இன்னும் வடிகட்டினால் கதவு. வெறும் இரைச்சலைத் தரைக்குப் போட்டுப் பார்த்தாள். அது சரளைக்கல்லாக வந்து காலைக் குத்தியதால் தரையைச் சாணி போட்டே மெழுகினார்கள். கம்பு பிடுங்கிய நான்கு குழியும் இன்னும் தூராமல் இருந்த அதே இடத்தில், குழிக்குக் குழி சரியாக, அறை எழுந்தது. அன்று பின்னேரமே கோகிலா பாயைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்க் கால் நீட்டிப் படுத்தாள். கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு தூங்கிவிட்டாள். கஹவத்தைக்கு, பெண்ணுக்கு இப்போது அவசரம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். சர்மிளாவுக்குப் பிள்ளை பிறந்து அடுப்படி மூலையில் தொட்டில் கட்டினார்கள்.

பக்கத்துக் காம்பிரா முத்துவீரன், வேலையிலிருந்து நின்ற பால்வெட்டுக்காரர், அந்த ஊம் சத்தத்தில் தூக்கமே இல்லை என்று முதல் வாரம் சண்டைக்கு வந்தார். மகள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கியவர் அங்கே சத்தமில்லாததால் தூக்கம் வரவில்லை என்று திரும்பி வந்தார். அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை.

ஆபீஸுக்குச் செய்தி போகாமல் இருக்குமா? தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத் துரை வந்தார். லயத்துப் பாதையில் ஜீப்பை நிறுத்தி, இறங்காமலே, அது என்ன என்று கேட்டார்.

"சத்தம், சேர்," என்றாள் கோகிலா.

உடனே நிப்பாட்டு என்றார்.

"நிப்பாட்டித்தான் இருக்கு சேர். வயரப் பாருங்க, கழட்டித்தான் கெடக்கு."

லயத்துக்கு வருகிற கரண்டை வெட்டினார்கள். ஏழாம் நம்பர் முழுக்க இருட்டானது, அறை அசையவில்லை. அலவாங்குக் கடப்பாரையோடு ஆள் அனுப்பினார்கள். அவர்களும் பக்கத்து லயத்துக்காரர்கள்தான். இடித்தால் அலவாங்கு மணி மாதிரி அடிக்கிறது, கை மரத்துப் போகிறது என்று திரும்பிப் போய்ச் சொன்னார்கள். எவ்வளவு ஓங்கி அடித்தார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. கொழும்பிலிருந்து பெரிய சவுண்ட் செட் கொண்டுவந்து அலறவிட்டார்கள். அந்தச் சத்தம் காற்று மாதிரி அறையைக் கடந்து போய் மலையில் முட்டியது, நாய்கள் குரைத்தன, அவ்வளவுதான். கடைசியில் பொலிஸுக்குப் போனார்கள். வந்த சார்ஜன் தொப்பியைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, செங்கல், கம்பு, தகரம், சீமெந்து எதுவும் இல்லாததால் இதைக் கட்டடம் என்று எழுத முடியாது என்று சிங்களத்தில் எழுதினார். கோகிலாவும் அவரோடு சிங்களத்திலேயே பேசி, மழை விடும்வரை அவரை அங்கேயே இருக்கச் சொன்னாள். அவர் ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுப் போனார்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு சமாதானம் பேசினார்கள். தோட்டத்துக் கம்பனி ஒரே ஒரு தடவை உடைத்துப் பார்க்கலாம், கோகிலா தன் இயந்திரத்தைக் கொடுத்து உதவ வேண்டும். உடைந்தால் அவள் இனிமேல் எழுப்பக்கூடாது. உடையாவிட்டால் கம்பனி இனிமேல் வரக்கூடாது. இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தது.

மேனேஜரான பெரிய துரையே வந்தார், கூடவே ஒரு சவுண்ட் எஞ்சினியர். அந்தப் பையனுக்கு வேலை தெரிந்திருந்தது. எந்தச் சத்தத்தையும் அப்படியே தலைகீழாகப் புரட்டி, அதே இடத்தில் அதன்மேலேயே போட்டால் மேடும் பள்ளமும் நிரவி இரண்டும் இல்லாமல் போய்விடும் என்றான். மற்றப் பெட்டிகளின் சத்தம் இந்தச் சுவரைத் தொடுவதில்லை, அதனால் இவளுடைய இயந்திரத்தாலேயே புரட்ட வேண்டும் என்றும் சொன்னான். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. அது கோகிலாவுக்கும் தெரிந்தது. ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று அவன் அவளையே கேட்டான். பொய் சொல்லியிருக்கலாம், உதயராஜ் பின்னாலிருந்து முதுகில் கிள்ளவும் செய்தான். ஆனால் அவளுக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. இத்தனை காலத்தில் ஒரு துரையாவது லயத்துக்குள் காலை வைத்தாரா? வயிற்றுப் பிள்ளையோடு ஏழு பேர் எப்படிப் படுத்தார்கள் என்று ஒரு தரமாவது குனிந்து வந்து பார்க்கட்டும், பார்த்துவிட்டு உடைக்கிறதென்றால் உடைக்கட்டும்.

"அறைக்கு உள்ளுக்கு வச்சாத்தான் சரி வரும் சேர்," என்றாள், எஞ்சினியரிடம் இல்லை, ஜீப்பில் இருந்த துரையைப் பார்த்து. "காம்பிராவுக்குள்ளாலதான் வழி. வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டு ஒடைங்க."

எஞ்சினியர் சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் குனிந்துவிட்டான். துரை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அங்கெல்லாம் போகத் தேவையில்லை, இங்கிருந்தே போடு என்றார். பையன் ஒருமுறை கோகிலாவையும் ஒருமுறை துரையையும் பார்த்தான், நாடாவைத் திரும்ப முடிந்தான். இயந்திரத்தை வாங்கிக்கொண்டுபோய் ஜீப்புக்குப் பக்கத்தில் வைத்தான், ஸ்பீக்கரை ஜீப்பின் முன்பக்கத்தின் மேலேயே ஏற்றினான். குமிழ்களை அறைக்கு வைத்த அதே அளவில் வைத்து, புரட்டுகிற பலகையைக் கோர்த்து, சுவிட்சைப் போட்டான்.

சத்தம் புரண்டுதான் வந்தது. ஆனால் அறை இருந்த இடத்துக்கு அது போகவில்லை, போட்ட இடத்திலேயே நின்றது. ஜீப்பைச் சுற்றி நான்கு சுவர் எழும்பியது, மேலே கூரை கவிழ்ந்தது, படிக்கட்டு வந்தது, கதவு வந்தது, துரை உள்ளே இருந்தார். லயத்துக்குள் வரமாட்டேன் என்றவரிடம் லயம் போய்ச் சேர்ந்தது. ஏழாம் நம்பர் சனம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. முத்துவீரனுக்கு மட்டும் அடக்க முடியவில்லை, அவர் தலைத் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். சின்னம்மா அடுப்படிக்குப் போனாள். வீட்டுக்குள் இருக்கிற ஆளைச் சும்மா விடுவது அவளுக்குப் பழக்கமில்லை. சீனி போட்டு, நல்ல கோப்பையில் ஊற்றி, குனிந்து அந்தக் கதவுக்குள் நுழைந்து கொடுத்தாள். துரை வாங்கினார். ஜீப் கதவைத் திறந்து இறங்கி, சுவரைத் தொட்டுப் பார்த்தார், மெதுவாகக் குடித்தார், கோப்பையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். தலை கூரையில் இடிக்காமல் வெளியே வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆள் வந்துவிட்டார், ஜீப் வரவில்லை. கதவு ஆளுக்குத்தான் அளவு. எஞ்சினியர் இயந்திரத்தைக் கோகிலாவிடம் கொடுத்து, வடிகட்டிப் பெரிய வாசல் திறக்க முடியுமா என்று கெஞ்சினான்.

"தெறக்கலாமே," என்றாள். "மொதல்ல ஆபீஸுக்குப் பின்னால கெடக்கிற எங்க தகரத்தக் கொண்டாந்து எறக்குங்க."

துரை அவளைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் போனை எடுத்து ஆபீஸுக்குப் பேசினார். பிடுங்கிக்கொண்டு போன அதே ட்ராக்டர் தகரத்தை ஏற்றிக்கொண்டு வந்தது, பிடுங்கிய அதே ஆட்கள் இறக்கி வைத்தார்கள். உதயராஜ் தகரத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து எல்லாம் வந்துவிட்டது என்று தலையாட்டினான். கோகிலா குமிழைத் திருப்பினாள், சுவர் அகலமாகத் திறந்தது, ஜீப் பின்பக்கமாகவே வெளியே வந்து போனது.

கையெழுத்துப்படி கம்பனி அப்புறம் வரவில்லை. ஜீப்பைச் சுற்றி எழுந்ததுதான் ஏழாம் நம்பரில் முதன்முதலாகக் கம்பனி கட்டிக்கொடுத்த அறை என்று சொல்லிக்கொண்டு முத்துவீரன் குடும்பம் அதில் குடியேறியது, பெரிய வாசலுக்குச் சாக்குப் படுதா போட்டார்கள். முக்கோண அலை தலைகீழாக நின்றதால் அதன் கூரை மேல்நோக்கிப் பள்ளமாக இருந்தது, அதில் மழைத்தண்ணீர் தேங்கியது, குழாய் வைத்து இறக்கி லயம் முழுக்கப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் யட்டியாந்தோட்டையில் தேங்காய் விலை ஏறியது, பெரிய துரை வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார், மூன்றாம் நம்பர் லயத்திலும் எட்டாம் நம்பரிலும் கோகிலா போய் அறை எழுப்பினாள். கஹவத்தை மாப்பிள்ளையே ஒருநாள் நேரில் வந்து, சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, இங்கே தனக்கு இடம் இருக்குமா என்று கேட்டான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அரசாங்கத்துக் கிராம சேவகர் வந்து, வீடு என்றால் வீடுதான் என்று கோகிலாவின் அறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதினார், பெயிண்ட் நன்றாகப் பிடித்தது. இப்போது பார்சல்களைத் தபால்காரரே படியேறி வந்து அந்த எண்ணைப் பார்த்துக் கொடுக்கிறார்.

தகரத்தை உதயராஜ் கோழிக்கூட்டுக்குப் போட்டான். யாரிடமும் கேட்கவில்லை.